செவ்வாய்க்கிழமையின் சாவி

இரவு பதினொன்றரை.
பத்து நாளாய்ப் புரளுகிறான் நிதுலன்,
பின்பக்கம் சொறிகிறான், தூக்கத்தில் அழுகிறான்.
சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று
சோப்பை மாற்றினேன்.
இன்று போன் வெளிச்சத்தைக் கிட்டப் பிடித்து
மெல்ல விலக்கிப் பார்த்தேன்.
தைத்து முடித்து நறுக்கிய வெள்ளை நூல்
இரண்டு மூன்று துண்டு.
நூல்தான் என்று மூச்சு விட்ட கணம்
ஒன்று நெளிந்தது.

கீரைப்பூச்சி.
"அப்ப இனிக் கீரை தராதேங்கோ" என்றான் காலையில்.
பெயரில் மட்டுந்தான் கீரை, ராசா.
அது வந்தது உன் நகத்திடுக்கில்,
கிண்டர்கார்டன் மணல்பெட்டியில்
யாரோ பிடித்த வாளியின் காதில்.

முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை.
மணிக்கட்டு வரை நுரை, விரலிடுக்கு, கட்டைவிரல்,
ஆளுக்கு ஆள் கழுவிக் கழுவி
தோல் வெடித்த கைகள் இவை.
இந்தக் கைகளின் வீட்டிலா?

டாக்டர் முகம் சுளிக்கவில்லை.
வீட்டில் எத்தனை பேர் என்றுதான் கேட்டார்.
நாலு பேர். நாலு பேருக்கும் ஒரே நாளில்.
"எனக்கொரு கடியுமில்லையே" என்றார் இவர்
நைட் ஷிஃப்ட் முடிந்த கண்ணோடு.
கடிக்காதவனின் வயிற்றிலும்
சத்தமில்லாமல் குடியிருக்குமாம்.
விழுங்கினார்.
ஆர்விகா மட்டும் மாத்திரையை மோந்து பார்த்து,
மென்று, தண்ணீர் கேட்டாள்.

மாத்திரை புழுவைக் கொல்லும்,
முட்டையைக் கொல்லாது.
முட்டை கட்டிலில், துவாயில்,
கரடிப் பொம்மையின் காதில், எங்கும்.
எல்லாவற்றையும் அறுபது பாகையில் தோய்க்க வேண்டும்,
உதறாமல் சுருட்டிக்கொண்டு போக வேண்டும்,
நாளைக்கே.

நாளைக்கே என்று
இந்த லாங்கெந்தால் மாடிவீட்டில் யார் சொல்வது?
கீழ்த்தளத்துச் சலவை அறைக்குச் சாவி ஒன்று,
சுவரில் அட்டவணை ஒன்று,
இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும்
எங்கள் வியாழன் ஒன்று.
அது வர இன்னும் ஒன்பது நாள்.
நாளை செவ்வாய், இரண்டாம் மாடி
ஃப்ராவ் லூத்தியுடையது.
பதினோராண்டில் அவருக்கு நான் சொன்னது
வணக்கமும் வானிலையும்.

படியேறும்போது சொல்லிப் பார்த்தேன்.
தமிழில் என்றால் நாக்கு மடங்கியிருக்கும்.
டொச்சில் அது வெறும் சொல், யாருடைய சொல்லோ.
சொல்லிவிட்டேன்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
பிறகு தன் பின்பக்கத்தை
ஏப்ரனுக்கு மேலாலே ஒருமுறை சொறிந்தார்.
இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
கேட்டாலே கடிக்கிறது, என்றார்.
அவருடைய மகனுக்கு மூன்று தடவை வந்ததாம்,
இப்போது அவன் பல் டாக்டராம்.
சாவி என் உள்ளங்கையில் சூடாக இருந்தது.

பிறகு வந்த நாட்கள் அழகில்லாதவை.
ஒட்ட வெட்டிய இருபது சின்ன நகங்கள்.
இரவில் இறுக்கமான உள்ளாடை,
விடிந்ததும் குளியல்,
ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன் வரிசை.
விரல் வாய்க்குப் போனால்
ஆர்விகா விசில் ஊதுவாள்.
அதை யார் வாங்கிக் கொடுத்தது என்று
இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாவது மாத்திரை பதினாலாம் நாள்,
மிஞ்சிப் பொரித்த குஞ்சுகளுக்கு.
எண்ணிப் பார்த்தேன், திரும்பவும் செவ்வாய்.
திரும்பவும் எப்படிக் கேட்பது?
திங்கள் மாலை வேலையால் வர
எங்கள் கதவின் பிடியில்
கடுதாசிப் பை தொங்கியது:
சாவியும், ஒரு மரத்து நகப் பிரஷும்.
அட்டவணையில் தன் பெயரை
பென்சிலால் கீறி விட்டிருந்தார்.

மூன்று கிழமை போய்
மாடிப்படியில் அவரைக் கண்டதும்
நிதுலன் கையிரண்டையும் விரித்துக்காட்டி
டொச்சில் கத்தினான்:
எங்களிடம் இப்போது புழுவே இல்லை!

நாலு மாடிக்கும் கேட்டது.
மேலே எங்கோ ஒரு கதவு திறந்தது.
நான் ஓடவில்லை.
கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு
அவனுடைய டொச் இலக்கணத்தைத்
திருத்தினேன்.